நான்காம் கேசட், பி பக்கம்

சுந்தராபுரம் தாண்டும்போது வந்த குரல் செய்தி இரண்டு நிமிடம் பதினான்கு விநாடி நீளம் என்று திரை காட்டியது. மிருணாளினி அதைத் தொடவில்லை. தொடாததற்கு அவளிடம் நியாயமான காரணம் இருந்தது. உக்கடத்தில் அவள் ஏறிய இந்தப் பொள்ளாச்சி தனியார் பேருந்தில், பாய்ந்து பிடித்த சன்னலோர இருக்கைக்கு நேர் மேலே சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது, அது ஒவ்வொரு முறை அதிரும்போதும் அவளுடைய கடைவாய்ப் பல் ஒன்று கூடவே அதிர்ந்தது. இந்தக் களேபரத்தில் காதில் வைத்து என்ன கேட்பது? கேட்கக் கூடாது என்றில்லை, கேட்க வழியில்லை, அவ்வளவுதான். செய்தி அனுப்பியவள் பூங்கோதை. பொள்ளாச்சிக்கு மேற்கே தென்னை நாற்றுப் பண்ணை வைத்திருப்பவள், முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். மூன்று வாரம் முன்பு மிருணாளினி தன் முதல் நாவலின் பிரதியை, நீயும் இதில் வருகிறாய், படித்துவிட்டுச் சம்மதம் சொல் என்று ஒரு துண்டுச் சீட்டோடு அவளுக்குக் கூரியரில் அனுப்பினாள். மூன்று வாரம் ஒன்றுமில்லை. நேற்று மாலை ஒரே ஓர் எழுத்து வந்தது: ‘வா’. ஓரெழுத்து ஒருமொழி, இலக்கணம் எண்ணி வைத்திருக்கும் நாற்பத்திரண்டில் ஒன்று, அதிலிருந்து கோபமா அன்பா என்று கண்டுபிடிக்க எந்த இலக்கணத்திலும் விதி கிடையாது. பாடப் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்தியே நாற்பத்தெட்டு வயதை எட்டிய ஒருத்தி, ஓர் எழுத்தை நேற்று இரவு முழுக்கத் திருப்பித் திருப்பிப் படித்தாள், பிழை எங்கேயும் இல்லை. இன்று ஐந்து மணிக்கு நாவல் அச்சகத்துக்குப் போகிறது. இப்போது மணி மூன்று முப்பத்தைந்து.

இரண்டு நிமிடம் பதினான்கு விநாடி, ஆக நூற்று முப்பத்து நான்கு விநாடி. சாதாரண ஆள் பேசினால் விநாடிக்கு இரண்டு சொல், இருநூற்று அறுபத்தெட்டு சொல், ஒரு பக்கத்துக்கு மேலேயே வரும். ஆனால் பூங்கோதை சாதாரணமாகப் பேசுகிறவள் இல்லை, அவளுக்குத் திக்கும். சொல்லின் முதல் எழுத்து தொண்டையில் வந்து, கதவில் கை நசுங்கியவன் போல அங்கேயே நின்றுவிடும். உயிரெழுத்தில் தொடங்கும் சொல் என்றால் எட்டு விநாடி, வல்லினம் என்றால் ஐந்து, மெல்லினம் கொஞ்சம் இரக்கமுள்ளது. அப்படிப் பார்த்தால் அதிகம் போனால் முப்பது சொல். முப்பது சொல்லில் ஒருத்தி என்ன சொல்வாள்? ‘புத்தகம் நல்லா இருக்குது, போடு’ என்பதற்கு நான்கு போதும், மீதி இருபத்தாறு எதற்கு? ‘அது நீதான்னு எனக்குத் தெரியும்’ என்பது நான்கு சொல். ‘அது’ உயிரெழுத்து, எட்டு விநாடி. ‘எனக்கு’ இன்னொரு எட்டு. மிருணாளினி கணக்கை நிறுத்தினாள், சன்னலுக்கு மேல் எழுதியிருந்ததைப் படித்தாள். ‘ஓட்டுனருடன் பேசாதீர்’. ஓட்டுநர், அவள் மனதுக்குள் திருத்தினாள், றன்னகரம் இல்லை, தந்நகரம். இந்த வழித்தடத்தில் எத்தனை லட்சம் பேர் அந்தப் பிழைக்கு அடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே போயிருப்பார்கள் என்று நினைத்தபோது அவளுக்குப் பொறாமையாக இருந்தது. ஈச்சனாரியில் கூட்டம் ஏறியது. மூன்று பேர் கோயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவளும் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பெரிய பக்தி கிடையாது, ஆனாலும் இன்றைக்கு எதையும் விட்டுவைக்க வேண்டாம்.

அவள் சோலாப்பூரில் பிறந்தவள். அப்பா ஆனைமலைப் பக்கத்துக்காரர், சோலாப்பூர்ப் பஞ்சாலையில் ஸ்பின்னிங் மாஸ்டர். அம்மா மராத்தி. வீட்டில் பேச்செல்லாம் அம்மாவின் மொழியிலேயே நடந்தது, அப்பா தன் மொழியை ஞாயிற்றுக்கிழமைகளுக்கு என்று எடுத்து வைத்திருந்தார், பதினோரு கேசட்டுகளில். ஊருக்கு வந்து போகும்போதெல்லாம் ஒன்று வாங்கி வருவார். எல்லாம் அவர் இளைஞனாக இருந்தபோதே பழையவையாகிவிட்ட சினிமாப் பாட்டுகள். ஞாயிறு காலை எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்து வரிசையாகப் போடுவார், ஒரு சொல்லுக்கும் பொருள் சொல்ல மாட்டார். மிருணாளினி தானே பொருள் கட்டிக்கொண்டாள். பாடுகிறவர் அழும் இடத்தில் வரும் சொல் துயரம், வயலின் குதிக்கும் இடத்தில் வரும் சொல் மகிழ்ச்சி, இப்படியே பன்னிரண்டு வயதுக்குள் நானூறு தமிழ்ச் சொல் சேர்ந்துவிட்டது, அவற்றில் முக்கால்வாசி நிலவைப் பற்றியவை. சோறு என்ற சொல் அந்தப் பதினோரு கேசட்டில் எங்கேயும் இல்லை. பிறகு ஆலை மூடினார்கள், அப்பா குடும்பத்தோடு பொள்ளாச்சி திரும்பினார், மிருணாளினியை ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தார். பள்ளி திறக்க ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரம் அவள் ஊரைக் காதால் படித்தாள். பால்காரம்மா அவளைக் ‘கண்ணு’ என்றாள், மளிகைக் கடைக்காரர் ‘என்ன வேணுங் கண்ணு’ என்றார், அடுத்த வீட்டுக்காரர் கன்றுக்குட்டியையும் கண்ணு என்றார். ஆகக் கண்ணு என்பது சின்னவர்களுக்கான விளி. அப்படியானால் பெரியவர்களுக்கு அதன் முழு வடிவம் இருக்க வேண்டுமே, மரியாதை வடிவம்? அது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. நான்காம் கேசட், பி பக்கம், முதல் பாட்டு. அதில் ஒருத்தி அவ்வளவு பணிவாக, அவ்வளவு மரியாதையாக, மூச்சை இழுத்து இழுத்து ஒருவரை அழைக்கிறாள். தர்க்கத்தில் ஓர் ஓட்டையும் இல்லை. இப்போது யோசித்தாலும் இல்லை. முதல் நாள், முதல் வகுப்பு, கணக்கு வாத்தியார் ‘புதுசா? எங்கிருந்து வர்றே?’ என்று கேட்டபோது அவள் எழுந்து, கை கூப்பி, தெளிவாகச் சொன்னாள்: ‘வணக்கம் கண்ணாளா.’

வாத்தியார் நல்ல மனிதர். வருகைப் பதிவேட்டை முகத்துக்கு நேரே உயர்த்தி ரொம்ப நேரம் எதையோ தேடினார், பதிவேடு மட்டும் குலுங்கியது. நாற்பத்தொன்பது பேர் சிரிப்பதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும், அது சிரிப்பாகவே கேட்காது, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி இருக்கும். இடைவேளைக்குள் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மிருணாளினி, கண்ணாளினி. எதுகைகூடப் பொருந்தியது, அதுதான் கொடுமை. இருபத்திரண்டு வயதில் ஒரு நாள் அகராதி புரட்டும்போது அந்தப் பெயர் இலக்கணப்படி தவறு என்று கண்டுபிடித்தாள், கண்ணாளனுக்குப் பெண்பால் கண்ணாட்டி. நூலகத்தில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள், நூலகர் எட்டிப் பார்த்தார். ஏழு வருடம் தாமதமாக வந்த பதிலடி, யாரிடம் போய்ச் சொல்வது? நாவலில் சொன்னாள். மூன்றாம் அத்தியாயம், அதாவது மூன்றாம் கேசட், ஏனென்றால் நாவலில் பதினோரு அத்தியாயம், ஒவ்வொன்றுக்கும் ஏ பக்கம், பி பக்கம். அதைப் படித்துப் பதிப்பாளர் மாசிலாமணி ‘மேடம், இந்த இடத்துல நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்’ என்றார். அவமானம் நன்றாக எழுதப்பட்டால் சிரிப்பாகிவிடுகிறது, அது அவளுக்குப் பிடித்திருந்தது, அதற்காகத்தானே எழுதினாள். ஆனால் எந்த அவமானத்தை நன்றாக எழுதுவது, எதைத் தொடாமல் விடுவது என்று யார் முடிவு செய்தது? ‘ஏனுங்க்கா, பைய மடில வெச்சுக்குங், இந்தம்மா உக்காரட்டும்’ என்றான் நடத்துநர். அவள் கைப்பையைத் தூக்கி மடியில் வைத்தாள். அதன் பக்கவாட்டுப் பையில் சுருட்டி வைத்த இயர்போன் விரலில் தட்டியது. தட்டாத மாதிரி கையை எடுத்துக்கொண்டாள்.

பூங்கோதைக்கும் பட்டப்பெயர் இருந்தது, அதை நாவலிலும் எழுதவில்லை, இங்கேயும் வேண்டாம். வருகை கூப்பிடும்போது அவளால் ‘உள்ளேன் ஐயா’ சொல்ல முடியாது. உகரம் அவளுக்குக் கருங்கல். எழுந்து நிற்பாள், வாய் திறந்திருக்கும், வகுப்பே ரசித்துக்கொண்டு காத்திருக்கும். மூன்றாம் நாள் மதியம் வேப்பமரத்தடியில் அவள் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மிருணாளினி போய் நின்று, தனக்குத் தெரிந்த ஒரே தமிழில், ‘தோழி, தனிமையில் வாடுவதேன்?’ என்று கேட்டாள். பூங்கோதைக்குப் புரையேறியது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு நிமிடம் இவளையே பார்த்துவிட்டு, பாடினாள். ஆமாம், பாடினாள். ‘ஏண்டி இப்படிப் பேசறே, எல்லாரும் சிரிக்கறாங்கல்ல’ என்று, மிருணாளினி காலையில் முணுமுணுத்துக்கொண்டிருந்த அதே மெட்டில், நான்காம் கேசட்டின் மெட்டில். ஓரிடத்திலும் தடங்கல் இல்லை, உயிரெழுத்தெல்லாம் வாய்க்கால் தண்ணீர் மாதிரி போயிற்று. பாடினால் அவளுக்குத் திக்காது. அது அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது, அவளே இரண்டு வருடம் முன்புதான் கண்டுபிடித்திருந்தாள், கிணற்றடியில், ஆட்டுக்குட்டிகளிடம். அன்றிலிருந்து மதிய இடைவேளை முழுக்கப் பாட்டுதான். ‘வாடுவதேன் இல்லடி, ஏன் உக்காந்திருக்கறே’ என்று அவள் பாடுவாள், இவள் திருப்பிப் பாடுவாள். சோறு, குழம்பு, வவுத்து வலி, கணக்கு நோட்டு, எல்லாம் ராகத்தோடு வந்தன. பேச்சுத் தமிழ் அவளுக்குள் இறங்கியது அப்படித்தான். இன்றைக்கும் கடையில் ஒரு டீ என்று சொல்லும்போது அடியில் அந்த மெட்டு ஓடுகிறது, யாருக்கும் கேட்பதில்லை. இதையெல்லாம் எழுதினாள். நான்காம் அத்தியாயத்தை எழுதிய பதினெட்டு நாளும் அவள் காய்ச்சல்காரி மாதிரி இருந்தாள், அவ்வளவு சந்தோஷம். நாவலில் எங்கேயும் பொய் இல்லை என்று அப்போது நினைத்தாள். அப்போது அது உண்மை. ஏழாம் அத்தியாயம் வரவில்லையே இன்னும்.

மலுமிச்சம்பட்டி, ஒத்தக்கால்மண்டபம், ஊர்ப் பெயர்கள் சன்னலில் வந்து வந்து போயின, ஒத்தக்காலா ஒற்றைக்காலா என்று மனம் ஒரு நொண்டி அடித்துவிட்டுத் திரும்பி வந்தது, வந்த இடம் பக்கம் நூற்று இருபத்து மூன்று. ஆண்டு விழாவுக்கு முந்தைய வாரம். மதியம், வகுப்பறை. பூங்கோதை இரண்டு டிபன் டப்பாக்களையும், அவளுடையதையும் இவளுடையதையும், எடுத்துக்கொண்டு குழாயடிக்குக் கழுவப் போயிருந்தாள். அவள்தான் எப்போதும் கழுவுவாள், இவளைக் கழுவ விட மாட்டாள், நீ எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிடுவாய் என்பாள். அப்போது முன்வரிசைப் பெண்கள் நாலைந்து பேர் வந்து பெஞ்சில் சாய்ந்தார்கள். அதற்கு முன்னால் அவர்கள் வந்ததே இல்லை. ‘ஏ கண்ணாளினி, அவ உன்கிட்டப் பேசுவாளாமே, எப்படிப் பேசுவா, செஞ்சு காட்டு பாக்கலாம்.’ நாவலில் அந்த இடத்தில் கவிதா என்று ஒருத்தி எழுந்து செய்து காட்டுகிறாள். வாயைத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, கண் மேலே செருக, ‘உ... உ... உ...’ என்று. கதைசொல்லி கூசிப்போய் வெளியே ஓடுகிறாள். அற்புதமான இடம் என்றார் மாசிலாமணி. ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவில் கவிதா என்று யாரும் இல்லை. மிருணாளினிக்கு நல்ல காது, பதினோரு கேசட்டில் பழகிய காது, எங்கே மூச்சு நிற்கும், எங்கே தாடை இறுகும், எந்த எழுத்துக்கு எத்தனை துடிப்பு, எல்லாம் அவளுக்குத் தெரியும், அவளைவிட நன்றாக யாராலும் செய்திருக்க முடியாது. ஜல்லி கொட்டியது. ஆனால் இந்த முறை அவள் லாரியின் மேலே இருந்தாள். இவ்வளவு வசதியான இடமா அது என்று அதிசயித்துக்கூடப் போனாள், அதுதான், அந்த அதிசயம்தான், முப்பத்து மூன்று வருடமாகத் தொண்டையில் நிற்கிறது. யாரோ அவள் தோளில் கை போட்டார்கள். அன்றிலிருந்து யாரும் அவளைக் கண்ணாளினி என்று கூப்பிடவில்லை. சிரிப்பு அடங்கித் திரும்பியபோது வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சின் மேல் மிருணாளினியின் டிபன் டப்பா இருந்தது, கழுவி, கவிழ்த்து, ஈரத்தோடு. பூங்கோதை இல்லை. எப்போது வந்து வைத்தாள்? முன்பா, பின்பா, நடுவிலா? மறுநாள் அவள் வழக்கம்போலப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், வழக்கம்போலப் பாடினாள், டப்பாவை வழக்கம்போலக் கழுவினாள். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். ஒரு டப்பா காய எவ்வளவு நேரமாகும் என்று மிருணாளினி பிற்பாடு பல சமையலறைகளில், பல பருவங்களில், யாருக்கும் தெரியாமல் பார்த்திருக்கிறாள்.

நாவலுக்குச் சில சுதந்திரங்கள் உண்டு. புனைவு என்பது கட்டமைப்பு. கதைசொல்லியை வாசகர் வெறுத்துவிட்டால் மீதி நான்கு அத்தியாயமும் விழுந்துவிடும், இது தொழில்நுட்பப் பிரச்சினை, ஒழுக்கப் பிரச்சினை அல்ல. இந்த மூன்று வாக்கியங்களையும் அவள் தினமும் பல் தேய்க்கும்போது சொல்லிப் பார்த்திருக்கிறாள், மூன்றிலும் ஒற்றுப்பிழைகூட இல்லை. அப்படியென்றால் ஏன் பிரதியைப் பூங்கோதைக்கு அனுப்பினாள்? சம்மதம் கேட்கவா? இல்லை, அவள் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளவா? பார்க்காதவள் கவிதாவைப் படித்துவிட்டு ‘யாருடி இந்தக் கழுதை?’ என்று கேட்டிருப்பாள், அதற்கு மூன்று சொல். கைபேசி அதிர்ந்தது, மாசிலாமணிதான். ‘மேடம், எங்க இருக்கீங்க? என்ன மேடம், கல்யாண வீடா, ஒரே பாட்டா இருக்கு.’ ‘பஸ்ஸுங்க.’ ‘சரி சரி, அஞ்சு மணிக்கு ஃபைல் அச்சகத்துக்குப் போயிரும். அதுக்கப்பறம் ஒரு கால்புள்ளி கூட மாத்த முடியாது, என்னை வையக் கூடாது. உங்க ஃப்ரெண்டு ஓகே சொல்லிட்டாங்களா?’ ‘செய்தி அனுப்பியிருக்கா. இன்னும் கேக்கல.’ ‘கேக்கலையா? கேளுங்க மேடம், அதுக்கென்ன நல்ல நேரமா பாக்கணும்?’ அவர் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். மணி நான்கு எட்டு. கைப்பைக்குள் கையை விட்டாள், இயர்போனைத் தொட்டாள், பேனா எடுத்தாள், பேனாவை மூடித் திறந்து மூடினாள். இறங்கிய பிறகு கேட்கலாம். இறங்கினால் அவளே நிற்பாள். நேரில் நின்றுகொண்டு அவள் உகரத்தில் மாட்டி நிற்க, அந்தச் சொல் முடியும்வரை தான் எதிரே நின்று காத்திருக்க வேண்டும், அதைவிட இது மேல். அதைவிட எது மேல்?

கிணத்துக்கடவில் முன்சீட்டுப் பெண்கள் கலகம் செய்தார்கள். ‘ஏந்தம்பி, உக்கடத்துல ஏறுனதுலருந்து டம்மு டம்முனு, நெஞ்சு அடிக்குது. நல்லதா ஒரு பழைய பாட்டுப் போட மாட்டியா?’ ‘பழசு வேற பென் டிரைவுங் அம்மிணி, இருங், மாத்தறேன்’ என்று நடத்துநர் ஓட்டுநரிடம் போய்ப் பேசினான், ‘ஓட்டுனருடன் பேசாதீர்’ என்பதற்கு நேர் கீழே நின்று. பாட்டு நின்றது. அவ்வளவு பெரிய சத்தம் நின்றால் காதில் ஒரு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தில் மிருணாளினியின் நியாயமான காரணமும் விழுந்துவிட்டது. இயர்போன் என்று நினைத்தாள், நினைத்தபோதே கட்டைவிரல் திரையைத் தொட்டிருந்தது, காதுக்குக் கொண்டுபோகும் முன்பே குரல் வெளியே வந்துவிட்டது, பேருந்து முழுக்கக் கேட்கும்படி. அவள் எதிர்பார்த்த முதல் எட்டு விநாடி மௌனம் வரவில்லை. ஒரு மௌனமும் வரவில்லை. எல்லாக் கணக்கும் போட்டவள் அதை மட்டும் மறந்திருந்தாள். பூங்கோதை பாடினாள். நான்காம் கேசட், பி பக்கம், முதல் பாட்டு, கொஞ்சம் கரகரத்த ஐம்பது வயதுக் குரலில், அவசரமே இல்லாமல். ‘நூத்தி இருவத்தி மூணாம் பக்கத்துல பேரு தப்பா விழுந்திருக்குது மிருணா. கவிதான்னு ஒருத்தி நம்ம கிளாஸுல இல்லவே இல்லையே. வாசல்ல நான் நின்னேன், ரெண்டு டப்பாவும் கையில, தண்ணி சொட்டச் சொட்ட நின்னேன். நல்லாத்தான் செஞ்சே நீ, என்னைய விட நல்லாத் திக்குனே.’ இங்கே வயலின் வர வேண்டும், அதையும் அவளே வாயால் வாசித்தாள், ஒரு சுற்று முழுசாக. ‘என்னையப் பத்தி எழுதுனதெல்லாம் இருக்கட்டும், ஆட்டுக்குட்டிகூட இருக்கட்டும். அதை மட்டும் திருத்திப் போட்டுட்டு வா. திருத்தாம வந்தீன்னா டப்பாவ நீயே கழுவிக்கோ. சோறாக்கி வெச்சிருக்கறேன். பாத்து வா கண்ணாட்டி.’

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, முந்தானையால் எதையோ துடைப்பது போல வாயைத் துடைத்துக்கொண்டாள். நடத்துநர் கையில் பழைய பாட்டுகளின் பென் டிரைவைப் பிடித்தபடி இடைவழியில் நின்றிருந்தான். ‘எந்தப் படமுங்க்கா இது?’ என்றான். ‘படமில்லைங்க’ என்றாள் மிருணாளினி, குரல் எங்கிருந்தோ வந்தது, ‘புஸ்தகம்.’ ‘புஸ்தகத்துல பாட்டெல்லாம் வருதுங்களா?’ ‘வருது.’ அவன் நம்பாமல் தலையாட்டிவிட்டு முன்னால் போனான். பழைய பாட்டு தொடங்கியது, நல்ல வேளை வேறு பாட்டு. அவள் கைபேசியில் மாசிலாமணிக்குத் தட்டச்சு செய்தாள். மூன்று பிழை விட்டாள், மூன்றையும் திருத்தினாள். ‘ஏழாம் அத்தியாயம். கவிதா என்று வருமிடமெல்லாம் நான் என்று மாற்றவும். வினைமுற்றுகளும் மாறும். எழுந்தாள் என்பது எழுந்தேன். காட்டினாள் என்பது காட்டினேன். சிரிக்க வைத்தாள் என்பது சிரிக்க வைத்தேன். கதைசொல்லி வெளியே ஓடும் பத்தி முழுதும் நீக்கம்.’ ‘ஆள்’ போய் ‘ஏன்’ வருகிறது என்பதைத் தட்டச்சு செய்து முடித்த பிறகுதான் கவனித்தாள், வாழ்நாளெல்லாம் இந்த விகுதிகளைத் திருத்தியவள் இதுவரை அதை அப்படிப் படித்ததில்லை. மணி நான்கு இருபத்தாறு. அச்சிப்பட்டி வந்தபோது பதில் வந்தது. ‘பார்த்துட்டேன் மேடம். பயந்துட்டேன், பெரிய திருத்தமோன்னு. விகுதி மட்டும்தானே?’ அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, ‘ஆமாம், விகுதி மட்டும்தான்’ என்று அனுப்பிவிட்டு, நிறுத்தம் வருவதற்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போதே கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து கம்பியைப் பிடித்து நின்றாள்.